தாலி ஏறிய பிறகு கேட்ட கெட்டிமேளம்: ஒரு டிவிடி மென்பொருள் பற்றிய மதிப்பீடு

கொழும்பின் ஈரக் காற்றில் வீஎச்எஸ் நாடாக்கள் நீண்ட காலம் தாக்குப்பிடிப்பதில்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பழைய வீடொன்றின் அலுமாரியைத் திறந்தால், கலியாணம், சாமத்தியச் சடங்கு, அரங்கேற்றம் என்று எழுதி ஒட்டிய நாடாக்கள் வெண்பூஞ்சணம் படர்ந்து கிடப்பதைக் காணலாம். அவற்றை டிவிடிக்கு மாற்றித் தரும் ஸ்ரூடியோக்கள் இன்னும் இருக்கின்றன என்றாலும், பெட்டி நிறைய நாடா வைத்திருப்பவர்கள் செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு, நாடாவை ஓட்டும் ஒரு பழைய வீசீஆர், யூஎஸ்பி வழியாகப் பதிவெடுக்கும் சிறு கருவி, ஒரு மென்பொருள் ஆகியவற்றோடு தாங்களே வேலையில் இறங்குவது வழக்கம். பதிவெடுத்தல், வெட்டி ஒட்டுதல், பட்டியல் பக்கம் (மெனு) அமைத்தல், வட்டில் எழுதுதல் ஆகிய அனைத்தையும் ஒன்றாகத் தருவதாகச் சொல்லும் கட்டண மென்பொருள் தொகுப்புகள் இவர்களை நம்பித்தான் விற்கப்படுகின்றன. அப்படியான தொகுப்பொன்றை ஆண்டுச் சந்தாவுக்கு எடுத்து, எங்கள் குடும்ப நாடாக்களை அதில் மாற்றிப் பார்த்தபின் இதை எழுதுகிறேன். தயாரிப்பாளரின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

வாங்க வேண்டாம் என்பதே என் முடிவு. நடுவழியில் நின்றுபோகும் பழக்கம் அதற்கு உண்டு. அதையாவது மறுபடி தொடங்கிச் சமாளிக்கலாம். ஆனால், படத்தை என்ன செய்யப்போகிறது என்று ஓரிடத்திலும் சொல்லாமல், தன் விருப்பப்படி எல்லாவற்றையும் செய்து முடித்து, கடைசியில் பச்சை நிறத்தில் ‘வெற்றி’ என்று காட்டும் மென்பொருளை எப்படி நம்புவது?

முதலில் தொலைக்காட்சி முறையை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் எடுக்கப்பட்ட நாடாக்கள் பால் (PAL) எனப்படும் முறையில் அமைந்தவை. டிவிடியில் அதற்கு நொடிக்கு 25 சட்டகங்கள் (ஃபிரேம்கள்), 720க்கு 576 படப்புள்ளிகள். வட அமெரிக்காவின் என்டிஎஸ்சி (NTSC) முறையிலோ நொடிக்கு 29.97 சட்டகங்கள், 720க்கு 480 படப்புள்ளிகள். இந்தத் தொகுப்பு நிறுவியவுடன் என்டிஎஸ்சியில் இருக்கிறது. அதை மாற்றும் இடம் முதல் திரையிலோ புதிய திட்டம் தொடங்கும் பக்கத்திலோ கிடையாது. விருப்பத்தேர்வுகளுக்குள் இரண்டு படி இறங்கினால்தான் கண்ணில் படும். மாற்றாமல் விட்டால் பால் படத்தை என்டிஎஸ்சியாகத் திரித்து எழுதிவிடும். மணமக்கள் மணவறையைச் சுற்றி வரும்போது ஒவ்வோர் அடியும் வெட்டி வெட்டித் தெரியும். இங்குள்ள பெரும்பாலான பிளேயர்கள் இரு முறைகளையும் ஏற்பதால் வட்டு ஓடத்தான் செய்யும். படம் மட்டும் ஏன் இப்படித் துள்ளுகிறது என்பது பலருக்கு விளங்காது. மறுபக்கம், ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாவுக்கு அனுப்பும் வட்டு என்டிஎஸ்சியில் இருப்பதே பாதுகாப்பு. அங்குள்ள பல பிளேயர்கள் பால் வட்டை ஏற்பதில்லை. லண்டனுக்கு என்றால் பால் முறையே போதும். எந்த நாட்டுக்கு அனுப்புகிறீர்கள் என்று ஒரேயொரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்துபோகும் விடயம் இது.

அடுத்தது, ‘வட்டுக்குள் அடக்கு’ என்ற தெரிவு. ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி என்று உறையில் அச்சிட்டிருந்தாலும், விண்டோஸ் எண்ணும் முறையில் அது ஏறக்குறைய 4.38 ஜிபிதான். நல்ல தரத்தில் எழுதினால் அதற்குள் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவும், கண்ணை உறுத்தாத தரத்தில் இரண்டு மணி நேரமும் அடங்கும். மூன்று மணி நேர நாடாவை முழுமையாக ஒரே வட்டில் திணித்தால், படத்துக்கும் ஒலிக்கும் சேர்த்து நொடிக்குச் சுமார் 3.5 மெகாபிட் தரவு மட்டுமே மிஞ்சும். இந்தத் தொகுப்பு அந்தத் திணிப்பை ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் செய்கிறது. கூறைச் சேலையின் சரிகை முழுவதும் சதுரம் சதுரமாக உடைந்து, மணப்பெண் தலையைத் திருப்பும்போதெல்லாம் அந்தச் சதுரங்கள் ஒரு கணம் பின்தங்கி நகர்கின்றன. இரண்டு வட்டுகளாகப் பிரிக்கட்டுமா, 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்கு வட்டு இருக்கிறதா என்று கேட்பதற்குத் திரையில் இடமில்லாமல் இல்லை. அந்த இடத்தில் உயர்பதிப்புக்கான விளம்பரம் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட என்னைச் சினம்கொள்ள வைத்தது ஒலிதான். பழைய நாடாவில் சமிக்ஞை தளம்பும் இடங்களில் பதிவெடுக்கும் கருவி சில சட்டகங்களைத் தவறவிடும். ஒலியோ தடையின்றிப் பதிவாகிக்கொண்டே போகும். இழந்த சட்டகங்களுக்கு ஈடாக முந்தைய சட்டகத்தைத் திரும்ப இட்டு நிரப்புவது நல்ல மென்பொருள்கள் செய்யும் வேலை. குறைந்தபட்சம் எத்தனை சட்டகங்கள் தவறின என்ற எண்ணிக்கையையாவது அவை காட்டும். இத்தொகுப்பு இரண்டையும் செய்வதில்லை. பெரியம்மாவின் கலியாண நாடாவில், பிள்ளையார் பூசையின்போது படமும் ஒலியும் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன. கன்னிகாதானத்தில் ஐயரின் உதடுகளுக்கும் மந்திரத்துக்கும் இடையே சிறு இடைவெளி விழுந்தது. முகூர்த்தம் வந்தபோது படத்தில் தாலி ஏறி முடிந்து, அட்சதை விழுந்து, மாப்பிள்ளை நெற்றியைத் துடைத்துக்கொண்ட பிறகே கெட்டிமேளம் கேட்டது. பெரியம்மா சிரித்தார், அவருக்குப் பெரிய மனம். திருத்துவதற்காகத் தரப்பட்டுள்ள கருவி ஒலித்தடம் முழுவதையும் ஒரே அளவாக முன்னே பின்னே நகர்த்துகிறது. விலகலோ நேரம் போகப் போக வளர்வது. முகூர்த்தத்தைச் சரிசெய்தால் பிள்ளையார் பூசை குழம்பிவிடும்.

தமிழ் எழுத்துகளுக்கு வந்தால் கதை வேறு. வட்டின் பட்டியல் பக்கத்தில் யூனிகோட்டில் ‘திருமண வைபவம்’ என்று தட்டினால், ஐகாரக் குறி வகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. கொம்பு வரும் பெயர்கள் எல்லாமே இப்படித்தான். தொகுத்தல் பகுதியில் சரியாகத் தெரியும் அதே எழுத்து பட்டியல் பக்கத்தில் உடைகிறது. வெவ்வேறு நிறுவனங்களிடமிருந்து வாங்கிய பகுதிகளை ஒரே தோலுக்குள் வைத்துத் தைத்திருக்கிறார்களோ என்று சந்தேகிக்கிறேன். நம்மூர் ஸ்ரூடியோக்கள் இன்றும் பாமினி என்ற பழைய எழுத்துருவைக் கைவிடாததற்கு இதுவும் ஒரு காரணம். எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டும் அந்த எழுத்துருவில் மென்பொருள் குழம்புவதற்கு எதுவும் இல்லை. பாமினி வேண்டாம் என்பவர்கள், வேறொரு செயலியில் தலைப்பை எழுதிப் படமாகச் சேமித்து, அதைப் பட்டியலின் பின்னணியாக இடலாம். நான் செய்தது அதுதான்.

வட்டில் எழுதும் கட்டத்தில் 99 வீதத்தில் நின்றுவிடுவது பற்றிப் பலரும் குறைகூறுவார்கள். அந்த நேரத்தில் வட்டெழுதும் கருவி பதிவை முடித்து வட்டை மூடும் வேலையில் ஈடுபட்டிருக்கும்; அதற்குச் சில நிமிடங்கள் பிடிப்பது இயல்பு. அதைத் திரையில் ஒரு வரியாகச் சொல்லாததால், பொறுமையிழந்தவர்கள் தட்டை வெளியே இழுத்து, மூடப்படாத வட்டைப் பழைய பிளேயரில் போட்டு, ஓடவில்லை என்று வருந்துகிறார்கள். உண்மையாகவே பிழை நேர்ந்தாலோ, நீளமான எண்ணொன்றும் ‘அறியப்படாத பிழை’ என்ற வாசகமும் மட்டுமே கிடைக்கும். எழுதிய பின் சரிபார்க்கும் வசதி இருந்தும் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. நிறுவியவுடன் அதை இயக்கிவிடுங்கள்.

வாடிக்கையாளர் சேவை பற்றி நீட்டிச் சொல்ல எதுவுமில்லை. ஒலி விலகலைப் பற்றி எழுதினாலும், எழுத்து உடைவதைப் பற்றி எழுதினாலும், மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவுங்கள் என்ற பதில்தான் வருகிறது.

நியாயமாகச் சொல்வதானால், நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் கருவி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. நாதஸ்வரத்தின் கூர்மையைக் கெடுக்காமல் பின்னணிச் சீற்றத்தை மட்டும் அடக்குகிறது. வட்டுறை வடிவமைக்கும் பகுதியும் பரவாயில்லை. இவற்றுக்காக ஒரு சந்தா கட்ட முடியாது.

இந்த நிலைக்கு வந்ததற்குச் சந்தையும் ஒரு காரணம். விண்டோஸ் விஸ்டாவிலும் 7இலும் இருந்த டிவிடி மேக்கர் விண்டோஸ் 8இலிருந்து நீக்கப்பட்டது. மூவி மேக்கருக்கான ஆதரவு 2017 ஜனவரியில் முடிந்தது. சோனி நிறுவனம் 2025 பெப்ரவரியில் பதியக்கூடிய புளூரே வட்டுகளின் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. பெரியவர்கள் விலகிய இடத்தில் மிஞ்சியவர்கள், புதிய வசதிகளை மேலே அடுக்கி, எழுதும் அடிப்படைப் பகுதியை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

கையில் பணமில்லாமலும் இந்த வேலையைச் செய்யலாம். நாடாவிலிருந்து பதிவெடுக்க, தவறிய சட்டகங்களைக் கணக்கிடும் வெர்ச்சுவல்டப் இருக்கிறது. பழைய தோற்றம்தான், ஆனால் உண்மையைச் சொல்லும். வெட்டி ஒட்டுவதற்கு ஷாட்கட் போதும். டிவிடியாக அமைக்கவும் எழுதவும் டிவிடிஸ்டைலர் உதவும். அதில் புதிய திட்டம் தொடங்கும்போதே பாலா என்டிஎஸ்சியா என்று கேட்கிறது. ஆயத்தமான கோப்புறையை வட்டில் எழுத மட்டும் வேண்டுமென்றால் இம்க்பேர்ன் இருக்கிறது. 2013இல் வந்த 2.5.8.0தான் அதன் கடைசிப் பதிப்பு. நிறுவும்போது ஒவ்வொரு திரையையும் வாசித்து, கூடவே ஒட்டிவரும் விளம்பர மென்பொருட்களை மறுக்க வேண்டும். எழுதும் வேகத்தை 16 மடங்கில் விடாமல் 4 அல்லது 8 மடங்குக்குக் குறைத்தால் பழைய பிளேயர்கள் தடுமாறுவது குறையும். எழுதிய வட்டை நம்பி மூலக் கோப்பை அழித்துவிடாமல் வன்தட்டு ஒன்றிலும் வைத்திருங்கள். புறக்கோட்டையில் உதிரியாக வாங்கும் மலிவு வட்டுகளின் சாயப் படலம் எத்தனை ஆண்டுக்குத் தாங்கும் என்று ஒருவரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.

ஏற்கெனவே சந்தா கட்டியவர்களுக்கு ஒன்று: தானியங்கிப் புதுப்பித்தல் வாங்கும்போதே இயக்கத்தில் இருக்கும், கடனட்டையில் டொலரில் கழியும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களிலேயே 360ஐத் தாண்டியதை அனுபவித்த நமக்கு, அடுத்த ஆண்டு அது எவ்வளவு ரூபாவாக இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நிறுத்தும் பொத்தான் மென்பொருளுக்குள் இல்லை. தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் கணக்கினுள் நுழைந்து, கொடுப்பனவுப் பக்கத்தின் அடியில் தேட வேண்டும். நிறுத்தியதற்கான மின்னஞ்சலைச் சேமித்து வையுங்கள். பணம் மறுபடி கழிந்து வங்கியில் முறையிட நேர்ந்தால் காட்டுவதற்கு அது வேண்டும்.