விற்கப்போகும் வீடு: சரிசெய்து கொடுப்பதா, விலை குறைத்து அப்படியே கொடுப்பதா?

வீட்டை விற்பது என்று முடிவானதும் இரண்டு யோசனைகள் வரும். பழுது பார்த்து, வண்ணம் அடித்து, நல்ல விலை கேட்பது ஒன்று. ‘வாங்குகிறவர் தன் இஷ்டப்படி செய்துகொள்ளட்டும்’ என்று விலையைக் குறைத்து இருந்தபடியே கொடுப்பது இன்னொன்று. முழு வீட்டுக்கும் ஒரே பதில் தேடினால் பணம் போகும். ஓதம் அடிக்கும் சுவருக்கு ஒரு பதில், பழைய சமையலறைக்கு வேறு பதில்.

முதலில் கணக்கு. சரிசெய்தபின் வீடு 100க்குப் போகும், இன்றைய நிலையில் 94 கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். வேலைச் செலவு 3. கடன் வட்டி, பராமரிப்பு, வரி எல்லாம் சேர்த்து வீட்டைக் கையில் வைத்திருக்க மாதம் 0.7. வேலை முடித்து விற்க இரண்டரை மாதம் கூடுதலாக ஆனால் 1.75 கழியும், நிற்பது 95.25. அப்படியே விற்பதைவிட 1.25 லாபம். வேலை மேலும் இரண்டு மாதம் இழுத்தால் 93.85, அந்த லாபமும் போய்க் கைநட்டம். வேலை இழுக்காது என்று நம்பி ‘சரிசெய்’ பக்கம் சாய்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

ஓதமும் கசிவும்

இதில் அப்படியே விடுவது ஏறக்குறைய எப்போதும் நஷ்டம். சுவரில் ஈரக்கறை இருந்தால் வாங்குகிறவர் கழிப்பது பழுதுச் செலவை மட்டுமல்ல. ‘உள்ளே இன்னும் என்னவோ’ என்ற பயத்தையும் சேர்த்துக் கழிப்பார். ஆனால் அதைவிட மோசம், கறைமேல் பட்டி பார்த்து வண்ணம் அடிப்பது. ஈரம் சுவரிலுள்ள உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவரும்; தண்ணீர் ஆவியானதும் உப்பு பெயின்ட் படலத்துக்குப் பின்னால் படிகமாகித் தள்ளும். கொஞ்ச நாளில் கொப்புளம். ஒரே ஒரு சுவர் மட்டும் புதிதாகப் பளிச்சென்று இருந்தால், விவரம் தெரிந்தவர் முதலில் கை வைத்துப் பார்ப்பதும் அந்தச் சுவரைத்தான்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிகச் செலவு இல்லை. கறைக்கு மேலே குளியலறை இருந்தால் அதன் வடிகால் வாயை அடைத்து, தரையில் 2 முதல் 3 செ.மீ. தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் நன்றாக இறங்கி, கீழே கறை பரவினால் தரையின் நீர்த்தடுப்புப் போய்விட்டது. மட்டம் இறங்காமல், தண்ணீரைத் திறந்துவிட்டபின் மட்டும் ஈரம் கூடினால் வடிகால் குழாய் இணைப்பில் சந்தேகம். இரண்டும் இல்லையென்றால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு நீர்மானியைப் பாருங்கள். அது ஓடினால் அழுத்தத்தில் தண்ணீர் வரும் குழாயில் எங்கோ கசிவு. மழைக்குப் பின் மட்டும் வரும் கறை மொட்டைமாடியையோ வெளிச்சுவர் விரிசலையோ காட்டும்.

அடைத்த பிறகும் பொறுமை வேண்டும். உப்புப் பூத்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், உப்பு மறுபடி உள்ளே இறங்கும். உலர்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள். புதிய சிமென்ட் பூச்சுக்கு ஒரு வாரமாவது நீராற்றி (தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்து), பிறகு சுமார் நான்கு வாரம் காயவிடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க, 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரத்தையும் சுவரில் டேப்பால் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளியோ, கீழே கருத்த திட்டோ தெரிந்தால் இன்னும் காயவில்லை. காய்ந்தபின் காரம் தாங்கும் ப்ரைமர், அதன்மேல் வண்ணம்.

இவ்வளவு அவகாசம் இல்லையா? நடுவழி ஒன்று உண்டு: கசிவை மட்டும் அடைத்து, கறையை மறைக்காமல் விட்டு, வேலைக்கான ரசீதையும் சோதனைப் படங்களையும் காட்டுங்கள். காரணம் தெரிந்த கறை, காரணம் தெரியாத கறையைவிட மலிவாகக் கழியும்.

சமையலறை

இங்கே நிலைமை தலைகீழ். விற்பதற்காகச் சமையலறையை முழுதாக மாற்றாதீர்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் நிறமும் கல்லும் வருபவருக்குப் பிடிக்காமல் போகலாம். அவர் பிடுங்கி எறியப்போகும் பொருளுக்கு விலை தரமாட்டார். அலமாரியின் பெட்டி உறுதியாக இருந்தால் கதவுகளை மட்டும் மாற்றுவது போதும். முதலில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் பாருங்கள்: துகள் பலகை (பார்ட்டிகிள் போர்டு) ஊறி உப்பியிருந்தால் பழைய நிலைக்குத் திரும்பாது, அந்தப் பெட்டியை மட்டும் மாற்றுங்கள். கைப்பிடி மாற்றும்போது பழைய துளைகளின் இடைவெளியை அளந்து (96, 128, 160 மி.மீ. பரவலாகக் கிடைப்பவை) அதே அளவில் வாங்கினால் புதிய துளை போடவேண்டியதில்லை.

மேடைக்கு கிரானைட்டா குவார்ட்ஸா என்ற சண்டையும் விற்பவருக்கு அவசியமற்றது. இருப்பதைப் பொறுத்து முடிவெடுங்கள். மங்கிய கிரானைட்டை அங்கேயே மெருகேற்றலாம். சொட்டு நீர் விட்டுச் சில நிமிடத்தில் கருத்தால், கல்லுக்குள் நீர் இறங்காமல் தடுக்கும் சீலர் பூசுங்கள். குவார்ட்ஸில் சூடான பாத்திரம் வைத்த தழும்பு வேறு விஷயம்: துகளைப் பிடித்திருக்கும் பிசினே கருகிவிட்டதால் மெருகேற்றினாலும் பெரும்பாலும் முழுதாகப் போகாது. அதை விலையில் கழித்துவிடுவதே மேல்.

தரை, விளக்கு பற்றிச் சுருக்கமாக. நாணயத்தால் தட்டிப் பார்த்து வெற்று ஒலி தரும் டைல்ஸை மட்டும் பெயர்த்து ஒட்டுங்கள். முழுத் தரையையும் மாற்றுவது விலையில் திரும்பி வருவது அரிது. டைல்ஸ் இடுக்கிலுள்ள கறுத்த கிரவுட்டைச் (அடைப்புக் கலவையை) சுரண்டிப் புதிதாக அடைப்பது மலிவு, பார்வைக்குப் பெரிய மாற்றம். ஓர் அறையில் ஒரு பல்ப் வெள்ளை, ஒன்று மஞ்சள் என்று எரிவது அசிங்கம். ஒரே நிற வெப்பநிலைக்கு மாற்றுங்கள். வண்ணத்துக்கு ஒரு கணக்கு: 12க்கு 12 அடி அறை, 10 அடி உயரம், கதவு ஜன்னல் போகச் சுமார் 40 சதுர மீட்டர். லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்றால் இரண்டு கோட்டுக்கு 8 லிட்டர்.

விலை சொல்லும்போது

அக்கம்பக்கத்தில் கேட்கப்படும் விலையைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்த விலையைப் பாருங்கள். அப்படியே விற்பதென்றால் பழுதுக்கு இரண்டு மூன்று பேரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அதற்குச் சற்றுக் கூடுதலாகக் கழித்து விலையை வையுங்கள். கேட்கும் விலையிலேயே கழித்தாயிற்று என்பதையும் முதல் சந்திப்பில் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அதே கறைக்கு இரண்டாம் முறை பேரம் நடக்கும். இணையத்தில் தேடுபவர்கள் உச்சவரம்பை முழு எண்ணில் வைத்து வடிகட்டுவார்கள். அந்த எண்ணைச் சிறிதே தாண்டினாலும் அவர்கள் கண்ணில் உங்கள் வீடு படாது.

மூன்று வாரம் ஆகியும் பார்க்கவே யாரும் வரவில்லை என்றால் விலையிலோ படங்களிலோதான் குறை இருக்கிறது. பலர் வந்து பார்த்துவிட்டு விலையே கேட்காமல் போனால், உள்ளே கண்ட ஏதோ ஒன்றுதான் அவர்களைத் திருப்பியிருக்கிறது. அப்போது விலையில் கை வைப்பதற்கு முன், வந்தவர்கள் எந்த இடத்தில் நின்று பேசாமல் பார்த்தார்கள் என்று யோசியுங்கள்.