திருப்பத்தில் சாயும் படகு: மண்டபத்தில் ஓட்டிப் பார்த்தது
24 அடி பைபர் படகொன்றை 40 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும்) மோட்டாருடன் வாங்கி, மண்டபத்திலிருந்து பாக் விரிகுடாப் பக்கமும் மன்னார் வளைகுடாப் பக்கமும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். நேரோட்டத்தில் குறையொன்றுமில்லை. சட்டென்று திருப்பும்போதுதான் அதன் குணம் தெரிகிறது. அடிப்பகுதி வி வடிவில் இருப்பதால், படகு வெளிப்புறம் சறுக்காமல், திரும்பும் பக்கமாகவே சாய்ந்து தண்ணீரைப் பற்றிக்கொண்டு வளைகிறது. அந்தச் சாய்வு நம்மைப் பலகையோடு அழுத்துகிறதே தவிர வெளியே தள்ளுவதில்லை. தட்டையடி கொண்ட என் பழைய படகில், இதே திருப்பத்துக்கு ஐஸ் பெட்டி எதிர்ப்பக்கம் ஓடிவிடும்.

ஆனால் மோட்டார் நிற்கும் கோணத்தை நிர்ணயிக்கும் சாய்வு ஊசியை ஒரு துளை உயர்த்திவைத்து முழு வேகத்தில் திருப்பினால், தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் விசிறி மேற்பரப்புக் காற்றை உறிஞ்சிக்கொள்வதால், இரைச்சல் எகிறி வேகம் விழுந்துவிடுகிறது. ஊசியை இறக்கி, திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்தபோது இது நின்றது.

என் மனக்குறை வேறு: கட்டிக்கொடுத்தவர் பெட்ரோல் டேங்கை இடப்பக்கமாக வைத்துவிட்டதால், அது நிரம்பியிருக்கும்போது இடத்திருப்பத்தில் படகின் விளிம்பு தண்ணீரைத் தொடுமளவு தாழ்கிறது. இப்போதைக்கு வலையை வலப்பக்கம் ஏற்றிச் சமாளிக்கிறேன்.