3,500 கிலோ இழுக்குமாம், சரி: நம் பக்கிக்கு எந்தக் காரவன் பொருந்தும்?

ஈஸ்டர் விடுமுறை வருகிறது, மாமா பழைய காரவன் (பின்னால் மாட்டி இழுத்துப்போகிற வீட்டு வண்டி) ஒன்று வாங்கியே ஆகவேண்டும் என்று நிற்கிறார். டர்பனைச் சுற்றி மூன்று இடங்களில் போய்ப் பார்த்தோம். மூன்றும் மூன்று விதம். ஒன்று 750 கிலோ கூடார டிரெய்லர், இன்னொன்று ஒற்றை அச்சுள்ள நாலு பேர் காரவன், கடைசியாக மாமா மனசைப் பறிகொடுத்த இரட்டை அச்சுப் பெரிய காரவன். இழுக்கப்போவது எங்கள் டபுள் கேப் பக்கி, இரண்டு வரிசை இருக்கை உள்ளது. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், பிக்கப் வண்டிக்கு தென்னாப்பிரிக்காவில் பக்கி என்றுதான் பெயர். டர்பன் பக்கம் பிராஸ்பெக்டனில் செய்கிற ஹைலக்ஸில் 2.8 லிட்டர், பிரிட்டோரியாவில் செய்கிற ரேஞ்சர், இசுசு டி-மேக்ஸ் 3.0 எல்லாவற்றுக்கும் விளம்பரத்தில் 3,500 கிலோ இழுக்கும் என்று போட்டிருப்பார்கள். பிரேக் உள்ள டிரெய்லர் என்றால்தான் அந்த எண். ஆனால் அதை மட்டும் பார்த்து காரவன் வாங்கக் கூடாது, ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்கைப் பாருங்கள். அந்தச் சின்ன வட்டத்தில் டாரா என்று வெறும் வண்டியின் எடையும், ஜி.வி.எம். என்று சாமான், ஆள் எல்லாம் ஏற்றியபின் மொத்தமாக எவ்வளவு இருக்கலாம் என்பதும் இருக்கும். எங்கள் பக்கிக்கு டாரா 1,940, ஜி.வி.எம். 2,800. காரவனுக்கும் தனி டிஸ்க் உண்டு. ஒற்றை அச்சுக் காரவனில் டாரா 1,040, ஜி.வி.எம். 1,350. பெரியதில் 1,690, 2,050.

இங்கேதான் விஷயம். நம் ஊர்க் காரவன்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஓவர்ரன் பிரேக். பக்கி வேகம் குறையும்போது பின்னால் வரும் காரவன் முன்னோக்கித் தள்ளும், அந்தத் தள்ளலே காரவனின் பிரேக்கைப் பிடிக்கும், ஓட்டுகிறவர் கையில் தனியாக ஒன்றும் இல்லை. அந்தமாதிரி பிரேக் இருந்தால் காரவனின் ஜி.வி.எம். இழுக்கும் வண்டியின் டாராவைத் தாண்டக் கூடாது என்பது தேசிய சாலைப் போக்குவரத்து விதி. தாண்டினால் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்கக்கூடிய சர்வீஸ் பிரேக் காரவனில் இருக்கவேண்டும். 2,050 எங்கே, 1,940 எங்கே. 110 கிலோ கூடுதல். என்ஜின் இழுக்கும், கியர்பாக்ஸ் தாங்கும், பக்கியும் காரவனும் சேர்ந்த மொத்த எடைக்கான ஜி.சி.எம். வரம்பும் புத்தகத்தில் இருக்கிறது, 2,800-ஐயும் 2,050-ஐயும் கூட்டினால் 4,850, அதுகூட உள்ளேதான். ஆனாலும் சட்டப்படி அந்த ஜோடி சேராது. விபத்து ஏதும் நடந்துவிட்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான்.

"டேய் மாப்பிள்ளை, இந்த வண்டி லாரியையே இழுக்கும்டா" என்றார் மாமா.

"இழுக்கும் மாமா. டவுன் ஹில்லில் இறங்கும்போது நிறுத்துமா, அதைச் சொல்லுங்க" என்றேன்.

ஹில்டனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் இறங்குகிற அந்த என்3 நெடுஞ்சாலைச் சரிவை ஓட்டியவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் லாரிகள், சரிவு முடிகிறமாதிரி தெரிந்து திரும்பவும் தொடரும். பக்கியின் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் ஓவர்ரன் பிரேக்கும் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும், சூடேறும், சூடேறியபின் பிடிமானம் குறையும். முன்கூட்டியே கீழ் கியருக்கு வந்து என்ஜின் பிடியில் இறங்கவேண்டும். அதையே 1,350 கிலோவோடு செய்வதற்கும் 2,050 கிலோவோடு செய்வதற்கும் நிறைய வித்தியாசம். ஏறும்போதும் இதே கதைதான். வான் ரீனன் கணவாய் தாண்டி ஜோஹானஸ்பர்க் போனால் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் மேல். டர்போ டீசல் ஓரளவு சமாளிக்கும், டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜினுக்கு ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தி போய்விடும். அரை டன் பக்கியில் காரவன் மாட்ட நினைக்கிறவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள்.

அடுத்தது நோஸ் வெயிட், அதாவது காரவனின் மூக்கில் இருக்கும் கொக்கியான கப்ளிங், பக்கியின் பின்னால் டோ பார் என்ற இழுவைக் கம்பியில் இருக்கும் இரும்புப் பந்தின்மேல் அழுத்தும் எடை. யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் என்று சொல்வார்கள். அது அவர்கள் ஊர் டிரெய்லர்களுக்கு, எடையை முன் அச்சுக்கும் பிரித்துத் தரும் ஹிட்ச் போட்டு ஓட்டுகிறவர்களுக்குச் சொன்னது. இங்கே பல கப்ளிங்குகளில் 100 கிலோ என்றுதான் அச்சிட்டிருக்கும். 1,350 கிலோ காரவனுக்கு 15 சதவீதம் போட்டால் 200 கிலோ வந்துவிடும். நான் 80-இலிருந்து 95-க்குள் வைத்துக்கொள்கிறேன். குளியலறை எடைக்கருவி ஒன்றைச் சமதரையில் வைத்து, பந்து உயரத்துக்கு வெட்டிய மரக்கட்டையை அதன்மேல் நிறுத்தி, கப்ளிங்கை மெல்ல இறக்கினால் எண் தெரிந்துவிடும். மிகவும் குறைவாக இருந்தால் காரவன் வால் ஆட்ட ஆரம்பிக்கும். அப்படி ஆடத் தொடங்கினால் பிரேக் போடாதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்காதீர்கள், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு நேராகப் பிடித்திருங்கள்.

அந்த நோஸ் வெயிட் பக்கியின் சுமைக் கணக்கில்தான் சேரும், இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். எங்களுக்கு 2,800-இல் 1,940 போக 860 கிலோ. ஐந்து பேர் 350, பின் தொட்டியை மூடும் கேனோப்பி 60, ஃப்ரிட்ஜ் நிறையச் சாமானோடு 45, டாங்க் நிறைய டீசல் 67, நோஸ் வெயிட் 90. 612 ஆகிவிட்டது, இன்னும் பிரியாணிச் சட்டியையே ஏற்றவில்லை. அப்புறம், பந்து பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் 90 கிலோ வைத்தால் பின் சக்கரங்களில் ஏறுவது 90 இல்லை, சுமார் 125. அந்த மீதி முன் சக்கரங்களிலிருந்து கழன்று வருகிறது, அதனால்தான் ஸ்டியரிங் லேசாகிவிட்டதுபோல் தோன்றும். டோ பாரிலும் ஒரு தகடு இருக்கும், பக்கியின் வரம்பைவிட அது குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த எண்தான் உங்கள் எண்.

கூடார டிரெய்லருக்கு வருகிறேன். ஜி.வி.எம். 750, எங்கள் டாராவில் பாதிக்கும் கீழே, அதனால் ஓவர்ரன் பிரேக்கே தேவையில்லை, சாதாரண பி லைசென்ஸ் போதும். 750-ஐத் தாண்டிவிட்டால் இ.பி. என்ற வேறு லைசென்ஸ் வேண்டும், தம்பிக்கு இ.பி. கிடையாது. செயின்ட் லூசியா மணல் பாதைக்கும் டிராக்கன்ஸ்பர்க் கல் பாதைக்கும் இதுதான் சுகம். ஆனால் அத்தைக்கு முழங்கால் வலி, கூடாரத்துக்குள் ஏணி ஏறிப் படுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதோடு அதை விட்டுவிட்டோம்.

மிஞ்சியது ஒற்றை அச்சுக் காரவன், அதன் 1,350 எங்கள் டாராவுக்குக் கீழேதான். அதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. விற்றவர் புது டயர் போட்டிருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னார். நான் புல்தரையில் முட்டி போட்டு, டயர் சுவரில் மண்ணைத் துடைத்துப் பார்த்தேன், லோட் இண்டெக்ஸ் 88. அது ஒரு டயருக்கு 560 கிலோ, இரண்டுக்கும் 1,120. காரவனின் 1,350-இல் நோஸ் வெயிட் 90 போனாலும் அச்சில் 1,260 நிற்கும். புது டயர்தான், கார் டயர், அந்தக் காரவனுக்கு ஆகாத டயர். ஈஸ்டர் வெயிலில் என்2-இல் முழுச் சுமையோடு நூறு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் வெடித்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், யோசித்தாலே பயமாக இருக்கிறது. விலையில் டயர்க் காசைக் குறைத்துக்கொண்டு 95 இண்டெக்ஸ் போட்டோம், ஒன்று 690 கிலோ தாங்கும். டயர் தேதியையும் பாருங்கள், கடைசி நாலு எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். காரவன் டயர் ஓடித் தேய்வதில்லை, நின்றே கெட்டுப்போகும்.

மாமாவுக்கு இன்னும் அந்தப் பெரிய காரவனின் குளியலறைமேல் ஆசை போகவில்லை. அதற்குப் பக்கியையே மாற்றவேண்டும், டாரா 2,050-க்கு மேல் இருக்கிற வண்டியாக, இல்லை என்றால் காரவனில் பிரேக்கையே மாற்றவேண்டும். இரண்டுக்கும் இப்போது காசு இல்லை.

போன சனிக்கிழமை எல்லாச் சாமானையும் ஏற்றி, பழைய இரும்புக் கடையின் எடைமேடையில் காரவனைக் கழற்றி நிறுத்தினோம். 1,290 காட்டியது. 60 கிலோ மிச்சம் இருக்கிறது, அதனால் தண்ணீர்த் தொட்டியை ஸ்காட்பர்க் போய்ச் சேர்ந்தபின்தான் நிரப்பப்போகிறோம், அத்தை கேட்ட இரண்டாவது மடக்கு மேஜை பக்கித் தொட்டியின் முன்பக்கச் சுவரை ஒட்டி வருகிறது.