ரீடர் வாங்குமுன் புள்ளியைப் பாருங்கள்

போன மார்கழியில் மின்னூல் படிக்கப் பத்து அங்குல ரீடர் ஒன்று வாங்கினேன். அதற்கு முன் ஐந்து வருடம் ஆறு அங்குலத் திரையில்தான் படித்தேன். இப்போது கையில் பெரியதைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: கிண்டில் வாங்கலாமா, கோபோவா, பூக்ஸா? நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: நீங்கள் படிக்கும் தமிழ்ப் புத்தகங்கள் எந்த வடிவில் இருக்கின்றன?

ரீடரே தேவையா, போன் போதாதா என்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒரு நாளில் அரை மணி நேரம் படிப்பவருக்குப் போன் போதும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படிப்பவருக்கு ரீடர்களில் இருக்கும் மின்மை (இ-இங்க்) திரை வேண்டும். காகிதம்போல வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் திரை அது. பக்கம் திருப்பும்போது மட்டும்தான் திரைக்கு மின்சாரம் தேவை. வெயிலில் திண்ணையில் உட்கார்ந்தும் படிக்கலாம். முக்கியமாக, நடுவில் வாட்ஸ்அப் கூப்பிடாது.

தமிழில் நமக்குக் கிடைக்கும் மின்னூல்கள் இரண்டு ஜாதி. ஒன்று, எழுத்துகளாகவே இருப்பது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடிந்துகொள்ளும். இன்னொன்று, அச்சுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்த பிடிஎஃப். அங்கே ஒவ்வொரு பக்கமும் ஒரு படம்.

முதல் ஜாதிதான் உங்களுடையது என்றால் கிண்டில் வாங்குங்கள், மேலே யோசிக்க வேண்டாம். 2016 டிசம்பரில் கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் வந்ததிலிருந்து புது நாவல், சிறுகதை, கட்டுரை என்று நிறையச் சேர்ந்துவிட்டன. கிண்டிலின் பேப்பர்ஒயிட் மாடல் இப்போது ஏழு அங்குலம், அங்குலத்துக்கு 300 பிக்சல். தமிழ் எழுத்து கருகருவென்று நிற்கிறது. மதுரைத் திட்டம் 1998இலிருந்து சேர்த்துவரும் பழந்தமிழ் நூல்களும், ஃப்ரீ தமிழ் இ-புக்ஸ் தளத்தின் நூல்களும் இலவசம். இபப் (EPUB) என்ற மின்னூல் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினாலே கருவியில் வந்து இறங்குகிறது. என் பழைய ஆறு அங்குலக் கருவியை அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். எழுபத்திரண்டு வயது. எழுத்தை ஆகப் பெரிதாக்கி, வரிக்கு நாலு வார்த்தை என்று வைத்துக்கொண்டு வாரம் ஒரு நாவல் முடிக்கிறார். "கண்ணாடியைத் தேட வேண்டாம்ல, அது போதும்டா" என்கிறார். ஒரு விஷயம் மட்டும் தெரிந்து வாங்குங்கள்: கடையில் வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டது. வாங்கிய நூலின் பிரதி நம் கணினியிலும் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது உறுத்தும். எனக்கு உறுத்துகிறது.

அதனால்தான் கோபோவைப் பார்த்தேன். டொராண்டோவிலிருந்து வந்த அக்கா மகன் கையில் இருந்ததை ஒரு வாரம் வாங்கிப் படித்ததுதான் என் அனுபவம் முழுக்க. கேபிளைச் செருகி இபப்பை இழுத்துப் போட்டால் போதும். நமக்குப் பிடித்த தமிழ் எழுத்துருவையும் அப்படியே ஏற்றலாம். 2024இல் வந்த கிளாரா, லிப்ரா மாடல்களைக் கழற்றிப் பழுதுபார்க்க முடியும் என்பதும் நல்ல விஷயம். வெளிநாட்டில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். ஒரு வாரப் பழக்கத்தை வைத்து இதற்குமேல் சொல்வது சரியில்லை.

என் படிப்போ இரண்டாவது ஜாதி. தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம், இன்டர்நெட் ஆர்க்கைவ் தளம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம். மறுபதிப்பு வராத நூல்களைத் தேடிப் போகிறவர்களுக்கு இந்த மூன்றும் பொக்கிஷம், ஆனால் பெரும்பாலும் ஸ்கேன். இங்கேதான் திரையின் அளவு எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

கணக்கைப் பாருங்கள். டெம்மி அளவுப் புத்தகத்தின் பக்கம் சுமார் 14 சென்டிமீட்டர் அகலம், 21.5 உயரம். ஆறு அங்குலத் திரையின் உயரம் 12 சென்டிமீட்டர்தான். முழுப் பக்கமும் அதில் அடங்க வேண்டுமானால் 56 சதவீதத்துக்குச் சுருங்கும். 11 பாயின்ட் எழுத்து 6 பாயின்டாகிவிடும். ஓரத்தை வெட்டிவிட்டால் 70 சதவீதம் வரை ஏறும். ஆனால் பழைய ஸ்கேன்களில் பக்கம் கோணலாக இருக்கும், இடப்பக்கத்துக்கு ஒரு ஓரம், வலப்பக்கத்துக்கு வேறு ஓரம். தானாக வெட்டும் வசதி தடுமாறிப் போகிறது.

ஆங்கிலமாக இருந்தால் இந்தச் சுருக்கத்திலும் ஒப்பேற்றிவிடலாம். தமிழில் முதலில் மறைவது புள்ளி. அடுத்து கொம்பின் சுழி. ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று தெரியாமல் போனால் குறிலும் நெடிலும் ஒன்றாகிவிடும். சங்கப் பாட்டு உரை ஒன்றை அப்படிப் படித்துக் குறிப்பெடுத்தபோது 'சேறு' என்று எழுதிவைத்தேன். மறுநாள் நூலகத்தில் அச்சுப் பிரதியைப் பார்த்தால் 'செறு'. செறு என்றால் வயல். வயல், நாற்று, எருமை என்று போகிற பாட்டில் சேறும் பொருந்துகிறது, செறுவும் பொருந்துகிறது. சூழலைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வழியே இல்லை.

ஓலைச்சுவடியில் புள்ளி வைக்க மாட்டார்கள். எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் அதில் தெரியாது. அந்தத் தலைவலியை உ.வே.சா. போன்றவர்கள் பல பிரதிகளை ஒப்பிட்டுத் தீர்த்து, கிடைத்த பாடவேறுபாடுகளைப் பிரதிபேதம் என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டுத் தந்தார்கள். ஆறு அங்குலத்தில் நமக்குத் தெரியாமல் போவது அந்தப் பொடி எழுத்துதான். அவ்வளவு பாடுபட்டுத் தீர்த்ததை நாம் மறுபடி ஓலைச்சுவடியாக்கிப் படிக்கிறோம் என்று தோன்றியபோது மனசு கேட்கவில்லை.

சின்னக் கருவி வைத்திருப்பவர்கள் உடனே விற்க வேண்டாம். பக்கவாட்டில் திருப்பிப் படியுங்கள். எழுத்து கிட்டத்தட்ட அச்சு அளவுக்கு வரும், ஒரு பக்கம் இரண்டு திரையாகும். நான் மூன்று வருடம் அப்படித்தான் ஓட்டினேன். சிக்கல் அடிக்குறிப்பில் வரும். மேலே பாட்டு, கீழே குறிப்பு. ஒவ்வொரு எண்ணுக்கும் இறங்கி ஏற வேண்டும். இரண்டையும் ஒருசேரப் பார்க்க முடியாது.

பத்து அங்குலத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் வாங்கிய பூக்ஸ் கோ 10.3இன் திரை ஏறக்குறைய 15.7க்கு 21 சென்டிமீட்டர். டெம்மி பக்கம் கிட்டத்தட்ட அச்சு அளவிலேயே உட்காருகிறது. மஞ்சளேறிய தாள் மின்மையில் சாம்பலாகத் தெரியும். கருவியோடு வரும் நியோரீடர் செயலியில் பின்புலத்தை வெளுக்கவும் எழுத்தைக் கருக்கவும் முடிகிறது. எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, யானைத் தும்பிக்கை போட்ட 'லை', 'னை' எல்லாம் வளைவு உடையாமல் தெரிகின்றன. ஆண்ட்ராய்டு என்பதால் கிண்டில் செயலியும் ஓடுகிறது. பேனாவால் ஓரத்தில் குறிப்பும் எழுதுகிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இந்த மாடலில் முன்விளக்கு கிடையாது. ராத்திரி படிக்க மேஜை விளக்கு வேண்டும். படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடிக்க முடியாத எடை. விலை பேப்பர்ஒயிட்டைப்போல இரண்டு மடங்குக்கு மேல். கிண்டில் வாரக்கணக்கில் தாங்கும்; எழுதியும் படித்தும் இதை நாலைந்து நாளுக்கொருமுறை சார்ஜ் போடுகிறேன். உறை இல்லாமல் பையில் போடவே மாட்டேன், திரை உடைந்தால் மாற்றும் செலவு புதுக் கருவிக்குப் பக்கத்தில் போய்விடும். வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. ஐந்து வருடம் உழைக்குமா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

கலர் திரை ஸ்கேன் படிக்கத் தேவையில்லை. கெலைடோ 3 என்ற கலர் மின்மைத் திரையில் வண்ணம் அங்குலத்துக்கு 150 பிக்சல்தான், பின்புலமும் கொஞ்சம் இருட்டு.

இரண்டுக்கும் நடுவே ஏழு அங்குலம் இருக்கிறது. ஓரம் வெட்டினால் 80 சதவீதம் வரை வரும், நல்ல ஸ்கேனில் பாடத்தைப் படித்துவிடலாம், அடிக்குறிப்பு சந்தேகம்தான். பணம் கட்டுமுன் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் படிக்க நினைக்கும் பிடிஎஃபிலிருந்து அடிக்குறிப்பு உள்ள ஒரு பக்கத்தை அச்சு அளவில் பிரிண்ட் எடுத்து, ஜெராக்ஸ் கடையில் 70 சதவீதத்துக்கு ஒன்று, 80க்கு ஒன்று என்று சுருக்கி வாங்குங்கள். வீட்டில் வழக்கமாகப் படிக்கிற இடத்தில் உட்கார்ந்து, வழக்கமான வெளிச்சத்தில், அடிக்குறிப்பிலிருந்து படிக்க ஆரம்பியுங்கள். புள்ளி தெரிகிறதென்றால் சின்னதே போதும், மீதிப் பணத்துக்குப் புத்தகம் வாங்கலாம்.