மழைக்கால நீர்நிலைகளுக்கு நிக்கான் மொனார்க் எம்5 8×42: உள்ளே நனையாது, வெளியே?

பெட்டியில் ‘தண்ணீர் புகாது’ என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்து பைனாகுலர் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். மழைக்காலச் சதுப்பில் பைனாகுலருக்குள் தண்ணீர் போய்ப் பாழாவது அபூர்வம். பார்வையைக் கெடுப்பதெல்லாம் வெளியே படிவதுதான்: கண்பக்க லென்ஸில் உட்கார்ந்த ஒரு துளி, முன்லென்ஸில் ஏறிய ஆவி, காய்ந்துபோன சேற்றுப் பொடி. மொனார்க் எம்5 உள்ளே தண்ணீர் விடாமல் நன்றாகத் தாங்குகிறது. வெளிப்பக்கத்தைப் பார்த்துக்கொள்வது வாங்குகிறவர் பாடு.

முதலில் அளவுகள். எடை 630 கிராம், நீளம் 145 மி.மீ. பார்வைக் கோணம் 6.4 டிகிரி, அதாவது 1000 மீட்டர் தொலைவில் 112 மீட்டர் அகலம் தெரியும். குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் 2.5 மீட்டர். கண்பக்க லென்ஸிலிருந்து 19.5 மி.மீ. தள்ளிக் கண் இருந்தாலும் முழு வட்டமும் தெரியும். இ.டி. கண்ணாடி (நிறம் பிரிந்து தெரிவதைக் குறைக்கும் சிறப்புக் கண்ணாடி), நைட்ரஜன் நிரப்பிய குழல், ஓ-ரிங் அடைப்புகள் எல்லாம் உண்டு.

மழைக்காலத்துக்கு 8 மடங்கே சரி, 10 வேண்டாம். முன்லென்ஸின் விட்டம் 42 மி.மீ.; அதை 8-ஆல் வகுத்தால் கண்பக்கம் வெளிவரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ.; 10×42-இல் அது 4.2 ஆகச் சுருங்கிவிடும். கருமேகம் கவிந்த காலையில் நம் கண்மணி விரிந்திருக்கும்போது இந்த ஒரு மி.மீ. வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. படகில் அதைவிட முக்கியம்: படகு ஆடி, கண் கொஞ்சம் விலகினாலும் பெரிய ஒளிவட்டத்தில் படம் கறுத்துப்போகாது. கை நடுக்கத்தையும் 10 மடங்காகப் பெருக்கிக் காட்டும் கருவியை ஆடும் படகில் வைத்துக்கொண்டு அல்லாடுவதில் அர்த்தமில்லை.

எம்5-இன் பலவீனம் பார்வை அகலம். கோடையில் தண்ணீர் வற்றி மீனெல்லாம் குட்டையில் சேரும்போது கொக்கும் நாரையும் ஒரே இடத்தில் கூடிவிடும். எங்கே பார்ப்பது என்று யோசிக்கவே வேண்டாம். மழை பெய்து தண்ணீர் பரவிவிட்டால் மீனும் பரவிவிடும், பறவையும் சிதறிவிடும். கோரையும் நாணலும் ஆளுயரம் வளர்ந்து நிற்கும். ஒரு குருகு இந்தப் புதரிலிருந்து எழுந்து அந்தப் புதரில் விழ இரண்டு மூன்று விநாடிதான். 50 மீட்டரில் எம்5 காட்டுவது 5.6 மீட்டர் அகலம். அதே நிறுவனத்தின் எம்7 8×42 காட்டுவது சுமார் 7.2 மீட்டர். பறந்து விழும் குருகைப் பிடிக்க இந்த ஒன்றரை மீட்டர் பெரிய உதவி. எம்7-இன் வெளி லென்ஸ்களில் நீரும் எண்ணெயும் ஒட்டாத பூச்சும் உண்டு. கூடுதல் காசு கொடுக்க முடிந்தால் மழைக்கு எம்7 தான். கண்ணாடி அணிகிறவர்களுக்கு மட்டும் எம்5-இன் 19.5 மி.மீ. பெரிய சௌகரியம், எம்7-இல் அது 17.1.

வெளிறிய வானத்துக்கு எதிரே வெள்ளைக் கொக்கு என்பது எந்த லென்ஸுக்கும் கடுமையான பரீட்சை. மலிவான பைனாகுலர்களில் இறக்கை ஓரம் ஊதா நூல் கட்டியதுபோலத் தெரியும். இ.டி. கண்ணாடி அந்த ஊதாவை வெகுவாகக் குறைத்துவிடும். வட்டத்தின் நடுவில் பறவையை வைத்துக்கொண்டால் போதும்.

இனி தண்ணீர். 1 மீட்டர் ஆழத்தில் 10 நிமிடம் தாங்கும் என்பதே நிறுவனத்தின் கணக்கு. படகிலிருந்து நழுவி ஓர முழங்கால் தண்ணீரில் விழுந்தால் உடனே எடுத்துவிடலாம். ஆனால் பைனாகுலர் மிதக்காது. ஆழமான கால்வாய்க்குப் போகிறவர்கள் மிதக்கும் வாரைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். குழாயடியில் பிடித்துக் கழுவவும் கூடாது. ஃபோகஸ் சக்கரம், கண்பக்க வளையம் போன்ற அசையும் பாகங்களைத் திருப்பும் முன் ஈரத்தைத் துடைக்க வேண்டும் என்றும் கையேடு சொல்கிறது. கொட்டும் மழையில் ஃபோகஸைத் தொடாமல் எந்தப் பறவையைப் பார்ப்பது என்று கேட்கத் தோன்றும்! சக்கரத்தின் மேல் வழிவதை விரலால் வழித்துவிட்டுத் திருப்புவதுதான் நடைமுறை.

ஆவிப் பிரச்சினைக்கு வருவோம். புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான். நைட்ரஜன் உள்பக்கம் ஆவி படியாமல் காக்கும், வெளிப்பக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறக்குறைய 28 டிகிரி. இரவு முழுக்க 24 டிகிரி ஏசி அறையில் இருந்த பைனாகுலரை வெளியே எடுத்ததும் ஐஸ் தண்ணீர் டம்ளர் மாதிரி வியர்த்துவிடும். துடைத்தால் போகாது, கண்ணாடி சூடாகும்வரை மறுபடி மறுபடி படியும். துடைக்கத் துடைக்கக் கோடுதான் விழும். செய்ய வேண்டியது: ஏசியில் இருக்கும்போதே ஜிப் பையில் போட்டு இறுக மூடி, மூடியபடியே வெளியே கொண்டுவந்து 20 நிமிடம் விட வேண்டும். வியர்வை பையின் மேல் படியும், லென்ஸில் படியாது. காரில் போகும்போது ஏசி படாத பின்பெட்டியில் வைத்தால் இந்த வேலையே இல்லை.

இன்னொரு ஆவி நம் உடம்பிலிருந்து வருவது. மழை வந்ததும் பைனாகுலரை மழைக்கோட்டுக்குள் செருகுவது எல்லோருக்கும் வரும் பழக்கம். உள்ளே வியர்வைச் சூடு. ஐந்தே நிமிடத்தில் நான்கு லென்ஸும் மங்கிவிடும். கோட்டுக்கு வெளியே, மார்பில் தொங்கவிட்டு, கண்பக்க மூடியைப் போடுவதே மேல். அந்த மூடியை வாரில் ஒரு பக்கம் மட்டும் கோர்க்க வேண்டும். இரண்டு பக்கமும் கோர்த்தால் தூக்கும்போது கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும், குருகு அதற்குள் போய்விடும். ஒரு பக்கம் கோர்த்தால் அந்தப் பக்கமாகத் தானாகச் சரியும். தொங்கும்போது முன்லென்ஸ் தரையைப் பார்த்தே இருப்பதால் அதில் அவ்வளவாகத் துளி விழாது, நனைவது கண்பக்கம்தான். அகல விளிம்புத் தொப்பி ஒன்று இதில் பாதியைத் தீர்த்துவிடும்.

மழை விட்டு வெயில் அடித்ததும் தண்ணீர் கண்ணைப் பறிக்கும். அப்போது போலராய்டு கூலிங்கிளாஸைக் கழற்றாமலே எம்5 வழியாகப் பார்க்கலாம், கண்பக்க வளையங்களை முழுக்கக் கீழே இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். நீர்ப்பரப்பை ஏறக்குறைய 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது பளபளப்பு மிக நன்றாக அடங்கும். பலகைப் பாலத்தில் நிற்பவரின் கண் நீருக்கு 3 மீட்டர் மேலே இருந்தால், அடியிலிருந்து 4 மீட்டர் தள்ளி அந்த இடம் வரும். இலைக்கடியில் ஒதுங்கும் மீனும், முங்கிய முக்குளிப்பான் எந்தப் பக்கம் போகிறது என்பதும் அங்கே தெரியும். தலையைச் சாய்த்தால் பளபளப்பு திரும்பிவிடும். மேகமூட்டத்தில் இதை முயல வேண்டாம், இருட்டுதான் மிஞ்சும்.

தும்பி பார்ப்பவர்களுக்கு 2.5 மீட்டர் சற்று அதிகம். படகின் மூக்கில் வந்து உட்காரும் தும்பியைப் பார்க்கப் பின்னால் நகர இடம் இருக்காது. கரையில் நடந்து பார்ப்பவர்களுக்கு இது தடையில்லை.

துடைப்பதில்தான் லென்ஸ் சாகிறது. காய்ந்த சேற்றில் இருக்கும் நுண்மணல் லென்ஸ் பூச்சைக் கீறும். சட்டை நுனியால் ஒரு தேய், போச்சு. முதலில் ஊதுகுழலால் ஊதி, பிறகு மென்தூரிகையால் தட்டி, அதற்கும் போகாத சேற்றை அரை டம்ளர் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வழியவிட்டு, கடைசியாகத்தான் மைக்ரோஃபைபர் துணி. கழிமுகத்திலும் அலையாத்திக் காட்டிலும் போய்வந்த நாளில் உப்பு கீலில் படிந்து இறுகும். ஈரத்துணியால் உடம்பு முழுக்க ஒருமுறை துடைக்க வேண்டும். கொசு மருந்து விஷயத்தில் கவனம்: டீட் கலந்த மருந்து பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் இளக்கிப் பிசுபிசுக்க வைக்கும். உள்ளங்கையில் ஊற்றித் தடவாமல் புறங்கையால் தடவலாம், இல்லையென்றால் பிக்காரிடின் கலந்ததை வாங்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் கூடவே வந்த பையில் போட்டு மூடினால் பூஞ்சைக்கு விருந்து. அந்தப் பை ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வளையங்களை மேலே திருகி, மூடிகளைக் கழற்றி, மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும். டப்பாவுக்குள் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் நல்லது. சின்ன ஈரமானி ஒன்றை உள்ளேயே போட்டுவிடலாம். ஆரஞ்சு ஜெல் பச்சையானதும் 110 முதல் 120 டிகிரி சூட்டில் 2 மணி நேரம் வைத்தால் மீண்டும் வேலை செய்யும். மழைக்காலத்தில் இதை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும்.

கடையில் எடுக்கும்போது மூன்று சோதனை. தொலைவில் உள்ள மின்கம்பியை நோக்கிப் பிடித்து, பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெதுவாகப் பின்னால் இழுக்க வேண்டும். இரண்டு வட்டத்திலும் கம்பி ஒரே உயரத்தில் நிற்காவிட்டால் அந்தப் பிரதி வேண்டாம். ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பித் திசை மாற்றும்போது நடுவில் வெற்றாகச் சுழலக் கூடாது. பிறகு வலது முன்லென்ஸை மூடி, 20 மீட்டர் தள்ளியுள்ள எழுத்தை இடது கண்ணுக்குச் சக்கரத்தால் தெளிவாக்கி, இடதை மூடி, வலது கண்ணுக்கு வலப்பக்க டயாப்டர் வளையத்தை (இரு கண்களின் பார்வை வித்தியாசத்தைச் சரிசெய்யும் வளையம்) மட்டும் திருப்பித் தெளிவாக்க வேண்டும். கிடைத்த இடத்தில் நகச்சாயத்தால் ஒரு புள்ளி வைத்துவிட்டால், மழையில் கை பட்டு வளையம் நகர்ந்தாலும் ஒரு நொடியில் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.