கில்ட் டயல் கைக்கடிகாரம்: நீண்டகாலப் பயன்பாட்டில் கண்டவை

1960களின் முற்பகுதியில் செய்யப்பட்ட டூடர் நிறுவனத்தின் சப்மரீனர் என்ற நீர்மூழ்குவோர் கைக்கடிகாரம் ஒன்றைப் பல ஆண்டுகளாகக் கட்டிவருகிறேன். 7928 என்ற மாடல், 39 மி.மீ. அகலம், கையசைவில் தானாகவே சாவி ஏறும் இயந்திரம். அவற்றில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இங்கே எழுத விரும்புவது அதன் டயலைப் பற்றித்தான். பொன்னிற எழுத்துகளுக்காகச் சேகரிப்பாளர்கள் கில்ட் டயல் என்று அழைக்கும் இந்தப் பளபளப்பான கறுப்பு முகத்தைப் புகைப்படத்தைக் கொண்டு மதிப்பிடவே முடியாது என்பதும், கையில் கட்டிப் பலவித வெளிச்சங்களில் பார்த்துப் பழகினால்தான் அதன் அருமை விளங்கும் என்பதும் என் உறுதியான கருத்து.

கறுப்பின் மேல் பொன்னிற மையால் அச்சிட்டிருக்கிறார்கள் என்றே பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். அசல் முறை இதற்கு நேர்மாறானது. பித்தளைத் தகட்டை மெருகேற்றி, எழுத்துகளும் நிமிடக் கோடுகளும் வரவேண்டிய இடங்களில் மட்டும் லாக்கர் எனும் நிறமற்ற மெருகுப்பூச்சை அச்சிட்டு, பிறகு மின்முலாம் முறையில் தகட்டுக்குக் கறுப்பு ஏற்றுவார்கள். லாக்கர் மூடிய இடங்களில் கறுப்பு பிடிக்காது. அந்த லாக்கரை நீக்கியதும் அடியிலுள்ள உலோகமே எழுத்தாக வெளிப்படும். கடைசியாக முகம் முழுவதற்கும் தெளிந்த லாக்கர் பூசுவார்கள். 10 மடங்கு பெரிதாக்கும் லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்து, 12 மணிக் குறிக்குக் கீழேயுள்ள சின்னஞ்சிறு ரோஜாச் சின்னத்தைச் சாய்வாகப் பார்த்தால், சுற்றிலும் கறுப்பு நூலளவு உயர்ந்து நிற்க, இதழ்கள் அதற்குள் அமிழ்ந்து கிடப்பது தெளிவாகத் தெரிகிறது.

அன்றாடப் பயன்பாட்டில் இதன் விளைவு வியப்பானது. எழுத்து உலோகமாக இருப்பதால், டியூப்லைட் வெளிச்சத்தில் மங்கிய பழுப்பாகத் தெரியும் அதே சொல், மாலை வெயில் சாய்வாக விழும்போது தகதகவென்று எழுந்து வருகிறது. உச்சி வெயிலில் கறுப்பே கண்ணாடிபோல் வானத்தைப் பிரதிபலிப்பதால், மணி பார்க்கக் கையைச் சற்றுத் திருப்ப வேண்டியிருக்கும். முட்களும் பொன்னிறம் என்பதால், சில கோணங்களில் அவையும் இருண்டுவிடுகின்றன. அப்போது முட்களின் நடுவிலுள்ள வெளிறிய ஒளிப்பூச்சைக் கொண்டுதான் மணி பார்க்கிறேன். 1960களின் பிற்பகுதியில் வந்த, வெள்ளை எழுத்துடைய பளபளப்பற்ற டயல்கள் படிப்பதற்கு இதைவிட எளிது என்பதில் ஐயமில்லை. வேலைக்கு உதவும் கருவியாகக் கடிகாரம் வேண்டுபவர்கள் அதையே வாங்கலாம். எனக்கு இதுதான் வேண்டும்.

இருட்டில் இந்த டயல் ஒளிராது. என்னுடையதில் ‘ஸ்விஸ்’ என்ற சொல்லின் அருகே ஒளிப்பூச்சை ஒளிரச்செய்யும் கதிரியக்கப் பொருளான டிரிட்டியத்தைக் குறிக்கும் ‘டி’ எழுத்து உள்ளது. டிரிட்டியத்தின் அரை ஆயுள் (அதன் அளவு பாதியாகக் குறையும் காலம்) சுமார் 12.3 ஆண்டுகள்தான் என்பதால் அதன் வலு எப்போதோ அடங்கிவிட்டது. இதற்கு முந்தைய டயல்களில் ரேடியம் இருக்கும். அவை குறித்து மிகுந்த எச்சரிக்கை தேவை. உடன் கலந்த ஒளிர்பொருள் தேய்ந்து வெளிச்சம் நின்றுபோனாலும், சுமார் 1,600 ஆண்டு அரை ஆயுள் கொண்ட ரேடியத்தின் கதிர்வீச்சு அவ்வளவாகக் குறைவதில்லை. அத்தகைய கடிகாரத்தை வீட்டில் திறப்பதோ பூச்சைச் சுரண்டுவதோ கூடவே கூடாது.

பராமரிப்பில் நான் விடாமல் கடைப்பிடிப்பது ஈரத்திலிருந்து காப்பது. 200 மீட்டர் ஆழம் தாங்கும் என்று டயலில் எழுதியிருந்தாலும் கை கழுவும்போதே கழற்றிவிடுகிறேன், ஏனெனில் உள்ளே நீராவி படிந்தால் லாக்கர் கொப்புளித்து உரிந்துவிடும். அக்ரிலிக் கண்ணாடியில் விழும் நுண்கீறல்களை அவ்வப்போது பாலிஷ் பசையால் தேய்த்துப் போக்குவதும் முக்கியம். கீறல்கள் ஒளியைச் சிதறடித்தால் கறுப்பு சாம்பல் பூத்ததுபோல் தெரியும். டயலின் விளிம்பில் கறுப்பு லேசாகப் பழுப்பேறியிருக்கிறது. ஒரு பழுதுபார்ப்பவர் அதைப் புதிதாகப் பூசித் தருவதாகச் சொன்னபோது மறுத்துவிட்டேன். மறுபூச்சு செய்த டயலில் எழுத்து பெரும்பாலும் கறுப்பின் மேல் மையாகவே நிற்கும். அசலின் ஆழம் பிறகு எந்த விலைக்கும் திரும்பாது.

வாங்க நினைப்பவர்கள், விற்பவரிடம் புகைப்படத்தோடு நின்றுவிடாமல், வெயிலில் கடிகாரத்தை மெல்லச் சாய்த்துக் காட்டும் காணொளியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சாயும்போது எழுத்துகள் இருண்டு மீண்டும் ஒளிர வேண்டும். எல்லாக் கோணத்திலும் ஒரே மஞ்சளாக நின்றால், லூப் வைத்து நேரில் பார்க்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.