தொட்டியா, டம்ளரா? மலைப் பள்ளியில் அடர்த்திப் பாடம்

ஊட்டி, குன்னூர் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்கு அடர்த்தியை, அதாவது ஒரே அளவு இடத்தில் எவ்வளவு எடை அடங்குகிறது என்பதை, சொல்லித்தர மூன்று வழிகள் சுலபம்: தேன், தண்ணீர், எண்ணெய் என அடுக்கும் டம்ளர், காய்கறிகளைப் போட்டுப் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி, உப்புத் தண்ணீர்.

பார்க்க அழகு டம்ளர்தான். தேன் அடியில், தண்ணீர் நடுவில், எண்ணெய் மேலே நிற்கும். ஆனால் ஊற்றுவது டீச்சர். பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பதோடு சரி. ஐந்து வயதுக்கு அது வெறும் மேஜிக் ஷோ.

என் ஓட்டு தொட்டிக்கு. முட்டைக்கோஸ், ஆப்பிள், கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் சந்தையில் கிடைப்பவை. போடுவதற்கு முன்னால் "மிதக்குமா, மூழ்குமா?" என்று கேட்டுவிட வேண்டும். கனமானது மூழ்கும் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். முழு முட்டைக்கோஸ் ஜம்மென்று மிதக்க, விரல்நுனி அளவு கேரட் துண்டு அடிக்குப் போனதும் முழிப்பார்கள். உருளையைப் பாதியாக, கால்வாசியாக வெட்டிப் போடச் சொல்லுங்கள். எவ்வளவு சின்னதானாலும் மூழ்கும். பேரிக்காய் மட்டும் கொஞ்சம் வம்பு பிடித்தது: அதன் அடர்த்தி தண்ணீருக்கு மிக அருகில் என்பதால் ஒன்று மிதக்கும், இன்னொன்று மூழ்கும். சண்டை வரட்டும், நல்லதுதான். டிசம்பர், ஜனவரியில் மட்டும் வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு கையும் உள்ளே போகாது.

உப்புத் தண்ணீர் இதன் அடுத்த படி. எல்லோரும் முட்டையை வைத்துச் செய்வார்கள். அதைவிட உடையாத கேரட்டே மேல். கல்லுப்பைப் பிடிபிடியாகப் போட்டுக் கலக்கினால் கேரட் மெல்ல எழும்பும். உருளைக்கு இன்னும் உப்பு வேண்டியிருக்கும்.

எட்டு வயதுக்கு மேல் என்றால் நம் ஊர்க் குளிரே ஒரு பாடம். தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். அதனால் டம்ளர் அடுக்குக்கு அது உதவாது, சூரியகாந்தி எண்ணெய் எடுங்கள். ஆனால் உருகியும் உருகாமலும் இருக்கும் தேங்காயெண்ணெயில் உறைந்த கட்டி ஒன்றைப் போட்டால் அது அடிக்குப் போகும். ஐஸோ தண்ணீரில் மிதக்கிறது. எண்ணெய் உறையும்போது சுருங்குகிறது, தண்ணீர் விரிகிறது. அதே எண்ணெய்க் கட்டியைத் தண்ணீரில் போட்டால்? மிதக்கும்.

நீலகிரித் தைலமும் தண்ணீரில் மிதக்கும்தான். ஆனால் வாய்க்குள் போனால் ஆபத்து. வகுப்புப் பக்கமே கொண்டுவர வேண்டாம்.